ஊசி ஊரில் ஒரு ரீல்

இங்கிலாந்து போகும் இந்தியர்கள் ரெடிட்ச்சுக்குப் போவதில்லை. போக வேண்டிய காரணமும் இல்லை. ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டு பக்கத்திலேயே இருக்கிறது. பேருந்து பேருந்தாக வந்து கூட்டம் அங்கேதான் இறங்குகிறது. ரெடிட்ச் பர்மிங்காமுக்குத் தெற்கே சுமார் 24 கிலோமீட்டர் தூரத்தில், வூஸ்டர்ஷயரின் ஓரத்தில் இருக்கும் ஊர். பர்மிங்காமிலிருந்து வரும் மின்சார ரயிலுக்கு அதுதான் கடைசி நிலையம். 1964இல் அரசு இதைப் 'புது நகரம்' என்று அறிவித்தது. பழைய ஊரைச் சுற்றி அகலச் சாலைகளையும் ரவுண்டானாக்களையும் போட்டுத் தள்ளினார்கள். அந்த ரவுண்டானாக்களைப் படமெடுத்து, மாதத்துக்கு ஒன்றாக அச்சிட்டு, ஒருவர் காலண்டர் விற்றார். அது பெயரும் வாங்கியது. ஆங்கிலேயர்களின் கேலி முதலில் தங்களைத்தான் பார்த்துப் பாயும்.

ஆனால் ஒரு காலத்தில் உலகத்தின் தையல் ஊசிகளில் பத்துக்கு ஒன்பது இந்த ஊரிலும் இதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும்தான் செய்யப்பட்டன என்கிறார்கள். ஊசியை வளைத்தால் தூண்டில் முள். முள் செய்தவர்கள் கோல் செய்தார்கள், நூல் முறுக்கினார்கள், ரீல் கடைந்தார்கள். நான் அங்கே போனது ஒரு ரீலுக்காக.

சினிமா ரீல் அல்ல. தமிழில் 'ரீல் விடுகிறான்' என்றால் என்ன பொருள் என்பது தெரிந்ததே. தூண்டில்காரர்கள் எந்த மொழியில் பேசினாலும் அந்தப் பொருள் பொருந்தும். இது மீன் பிடிக்கும் கோலின் அடிப்பகுதியில் மாட்டும், நூலைச் சுருட்டி வைக்கும் சக்கரம்.

கேட்டவர் என் அத்தான். அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். பர்மிங்காமில் நடந்த ஒரு மொழிபெயர்ப்புப் பட்டறைக்கு நான் போவது தெரிந்ததும் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மாப்ளே, எனக்கு விஸ்கி வேண்டாம், சாக்லெட் வேண்டாம். ஒரு ஃப்ளை ரீல் பாத்துட்டு வா. பழைய மாதிரி இருக்கணும். கையால செஞ்சதா இருக்கணும். சுத்துனா கிர்ருன்னு சத்தம் வரணும். விலை என் பென்ஷனுக்கு அடங்கணும்."

இதில் முதல் மூன்று நிபந்தனைகள் எளிது. நான்காவது வந்து சேர்ந்ததும் முதல் மூன்றும் கடினமாகிவிடுகின்றன.

அத்தானிடம் ஏற்கெனவே ஒரு ரீல் உண்டு. சிறுவனாக இருந்தபோது தேயிலைத் தோட்டத்து மேனேஜர்கள் அவலாஞ்சிப் பக்கம் ட்ரவுட் பிடிக்கப் போனால் பை சுமக்கக் கூடப் போவார். 1971இல் ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார மேனேஜர் தன் கோலையும் ரீலையும் இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்போது அத்தானுக்குப் பதினைந்து வயது. ஒருமுறை பாறையில் விழுந்து ரீலின் விளிம்பு நெளிந்தது, தட்டி நிமிர்த்தினார். உள்ளே இருக்கும் பல் தேய்ந்தது. தானே கடைந்து புதுப்பல் போட்டார். மூன்று முறை அப்படிப் போட்டாயிற்று. இப்போது அச்சாணி தேய்ந்து சக்கரம் ஆடுகிறது. அவருக்கு இப்போது மீன் பிடிப்பதைவிட ரீலைத் துடைத்து எண்ணெய் போடுவதுதான் அதிகம் என்று அக்கா சொல்லுவாள்.

நீலகிரியில் ட்ரவுட் ஏது என்று கேட்பவர்களுக்கு: அது மலையின் சொந்த மீன் அல்ல. 1860களிலேயே பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் இங்கிலாந்திலிருந்து முட்டைகளைக் கொண்டு வந்து முயன்று தோற்றார். மதராஸ் மாகாணத்து சிவில் அதிகாரியும், இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி 1873இல் தடிமனான நூல் எழுதியவருமான ஹென்றி சல்லிவன் தாமஸ் முயன்றார். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து வானவில் ட்ரவுட்டை வளர்த்த பிறகுதான் அது நிலைத்தது. துரைமார்கள் தங்கள் ஊர் ஞாபகத்தில் மீனை மட்டுமா கொண்டு வந்தார்கள்? கோல், ரீல், நூல், போலி ஈ எல்லாம் கப்பலேறி வந்தன. அவற்றில் பெரும்பங்கு ரெடிட்ச் சரக்கு. அத்தானின் ரீலும்தான்.

இந்த மீன்பிடிப்பின் சூட்சுமத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சாதாரணத் தூண்டிலில் இரையோ ஈயக் குண்டோ கனமாக இருக்கும். வீசினால் அது நூலை இழுத்துக்கொண்டு பறக்கும். ஃப்ளை எனப்படும் போலி ஈ, இறகும் பட்டு நூலும் சுற்றிய ஒரு சின்ன முள். அதற்கு எடையே இல்லை. அதனால் நூலையே கனமாகச் செய்துவிடுகிறார்கள். கோலை முன்னும் பின்னும் அசைத்தால் நூல் காற்றில் சாட்டை போல விரிந்து, கடைசியில் அந்த ஈயைத் தண்ணீர்மேல் மெல்ல இறக்கும். வீச்சு முழுவதும் கோலுக்கும் நூலுக்கும் கைக்கும் இடையே நடக்கும் காரியம். ரீலுக்கு அதில் பங்கில்லை. அது நூலைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மீன் இழுத்துக்கொண்டு ஓடும்போது நூலை விட வேண்டும். ஆனால் கட்டுக்கடங்காமல் சுழன்று சிக்கலாகிவிடக் கூடாது.

இதற்காகப் பழைய ரீல்களில் இருப்பது சக்கரத்தின் பின்னால் ஒரு பற்சக்கரம், அதில் உரசும் ஒரு முக்கோணப் பல், அந்தப் பல்லை அழுத்திப் பிடிக்கும் ஒரு ஸ்பிரிங். அவ்வளவே. சுற்றினால் வரும் கிர்ர் சத்தம் அந்தப் பல்லின் சத்தம்தான். இன்றைய ரீல்களில் கார் பிரேக் போலத் தட்டு வைத்து, கார்பன் வைத்து, தண்ணீர் புகாமல் மூடி, பெரிய விலை சொல்கிறார்கள். கடலில் பெரிய மீனோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அது வேண்டும். முக்கால் கிலோ ட்ரவுட்டுக்கு அதை மாட்டுவது மாட்டு வண்டிக்கு ஏர் பிரேக் வைப்பது மாதிரி. பழைய பாணி ரீலைத் தேடுவது வெறும் ஏக்கம் என்று நினைக்க வேண்டியதில்லை. மலை ஓடைக்கு அது போதும் என்பதுதான் விஷயம்.

ஃப்ளை ரீல் என்றதும் யாரும் முதலில் சொல்லும் முகவரி ரெடிட்ச் அல்ல, ஆனிக். ஸ்காட்லாந்து எல்லைக்கு அருகே, நார்தம்பர்லாந்தில் இருக்கும் கோட்டை ஊர். எழுத்துக் கூட்டிப் படித்தால் 'ஆல்ன்விக்' என்று வரும். அப்படிச் சொன்னால் ஊர்க்காரர்கள் பொறுமையாகத் திருத்துகிறார்கள். பட்டறைக்கு நடுவே கிடைத்த விடுமுறையில் முதலில் அங்கேதான் போனேன். ஆல்ன்மவுத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ஊருக்குள்ளேயே ஒரு காலத்தில் ரயில் வந்தது; 1968இல் நிறுத்திவிட்டார்கள். அந்த நிலையக் கட்டடம் இப்போது ஒரு பெரிய பழைய புத்தகக் கடை. 'அமைதியாக இருங்கள், காரியத்தைப் பாருங்கள்' என்ற இரண்டாம் உலகப்போர் காலத்துச் சுவரொட்டி உலகமெங்கும் கோப்பைகளிலும் பனியன்களிலும் பரவியதற்குக் காரணம், 2000இல் இந்தக் கடையில் ஒரு பழைய புத்தகப் பெட்டியின் அடியில் அதன் பிரதி ஒன்று அகப்பட்டதுதான். கோட்டையில் ஹாரி பாட்டர் படத்தின் ஆரம்பப் பாகங்களை எடுத்தார்கள். அதனால் குழந்தைகள் கூட்டம்.

1872இல் வில்லியம் ஹார்டி இந்த ஊரில் துப்பாக்கிக் கடை வைத்தார். தம்பி ஜான் ஜேம்ஸ் வந்து சேர்ந்தார். இருவருக்கும் மீன் பைத்தியம். 1890களின் தொடக்கத்தில் அவர்கள் விற்பனைக்குக் கொண்டு வந்த 'பெர்ஃபெக்ட்' என்ற ரீல், உள்ளே குண்டு பேரிங் வைத்தது. இன்றும் ஃப்ளை ரீல் என்றால் பலர் மனத்தில் வரும் உருவம் அதுதான். நூறாண்டுக்கு மேற்பட்ட ரீல்களை அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கலாம். பித்தளையின் பழுப்பும், தந்தக் கைப்பிடியின் மஞ்சளும், திருகாணிகள் தலைதூக்காமல் தகட்டோடு தகடாக அமர்ந்திருக்கும் விதமும் பார்க்க அழகு. நிறுவனம் 2013இல் ப்யூர் ஃபிஷிங் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கைக்குப் போனது. உற்பத்தியில் பெரும்பகுதி அதற்கு முன்பே ஆசியாவுக்கு நகரத் தொடங்கிவிட்டது. பழைய பாணியில் இங்கிலாந்திலேயே செய்யும் ரீல்களும் உண்டு. அவற்றின் விலைச் சீட்டைப் புரட்டிப் பார்த்தேன். சில நூறு பவுண்டுகள். ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு, சீட்டைக் கசங்காமல் திருப்பி வைத்தேன்.

தனி ஆளாகப் பட்டறை வைத்துச் செய்பவர்கள் என்று போனால் விலை இன்னும் மேலே. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் ஸ்டான்லி போக்டன் என்பவர் கையால் செய்த ரீல்களுக்கு வாங்குகிறவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர் 2011இல் காலமான பிறகு அவை ஏலப் பொருளாகிவிட்டன. வாங்கியவர்கள் அதைத் தண்ணீருக்குப் பக்கத்திலாவது கொண்டு போகிறார்களா என்பது சந்தேகம்.

ஆனிக் புத்தகக் கடையில் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். மேல்சட்டையின் மார்பில் இரண்டு போலி ஈக்களைக் குத்தியிருந்தார், அதனால்தான் துணிந்தேன். "உங்கள் மைத்துனருக்கு வேண்டியது இங்கே இல்லை. இது பிரபுக்கள் வாங்கிய கடை. பள்ளிக்கூட வாத்தியார்களும் தபால்காரர்களும் வாங்கிய ரீல் வேண்டுமானால் ரெடிட்ச்சைப் பாருங்கள்" என்றார்.

இப்படித்தான் ரவுண்டானா ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

ஊரின் மத்தியில் ஒரு பெரிய வணிக வளாகம். பெயர் கிங்ஃபிஷர். நம் ஊர் பீரை நினைத்துக்கொள்ள வேண்டாம், மீன்கொத்தி. உள்ளே எட்வர்டோ பாவலோஸி என்ற பேர்பெற்ற சிற்பி 1980களில் செய்த வண்ண மொசைக் சித்திரங்கள் சுவரில் உயரத்தில் இருக்கின்றன. ஊரின் ஊசித் தொழிலும் அதில் உண்டு. கீழே காலணிக் கடையில் தள்ளுபடி. ஒருவரும் தலை நிமிர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

ஊரின் வடக்கு ஓரத்தில் ஆரோ ஆற்றங்கரையில் போர்ட்ஸ்லி மடத்தின் இடிபாடுகள் கிடக்கின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் துறவிகள் கட்டியது. 1538இல் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது போனது. அதன் பக்கத்தில் ஃபோர்ஜ் மில் ஊசி அருங்காட்சியகம். 1983இல் எலிசபெத் ராணி திறந்து வைத்தார். கட்டுமஸ்தான செங்கல் கட்டடம். உள்ளே ஒரு தண்ணீர்ச் சக்கரம், அதன் பலத்தில் ஓடும் மரப் பொறிகள். ஊசிக்கு மெருகேற்றும் ஆலை அது. பல்லாயிரம் ஊசிகளை எமரித் தூளும் சோப்பும் சேர்த்து முரட்டுத் துணியில் உருளையாகக் கட்டி, கனத்த மரப் பலகைகளுக்கு அடியில் போட்டு நாள்கணக்கில் முன்னும் பின்னும் உருட்டுவார்கள். நான் போன நாளில் சக்கரத்தை ஓட்டிக் காட்டினார்கள். கட்டடமே ஒரு கிழட்டு யானை போல அசைந்து முனகியது.

என்னை அதிக நேரம் நிறுத்தியது அந்தப் பொறி அல்ல. கூர் தீட்டுகிறவர்களைப் பற்றிய பகுதி. ஒரு கம்பித் துண்டின் முனையைக் கூராக்க, ஒரு கைப்பிடிக் கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து, விரல்களால் உருட்டிக்கொண்டே சுழலும் கல்லில் காட்ட வேண்டும். ஈரமாக இருந்தால் ஊசி துருப்பிடிக்கும். அதனால் காய்ந்த கல். கல்தூளும் இரும்புத்தூளும் நேராக நெஞ்சுக்குள் போகும். அந்த வேலைக்கு வந்தவர்களில் நாற்பதைப் பார்த்தவர்கள் அரிது. அந்த நோய்க்கே 'கூர்தீட்டி நோய்' என்ற பொருளில் ஊருக்குள் தனிப்பெயர் இருந்தது. தூசியை உறிஞ்சும் விசிறிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்தன. அவற்றை எதிர்த்தவர்களில் கூர் தீட்டுகிறவர்களே இருந்தார்கள். உயிருக்கு ஆபத்தான வேலை என்பதால்தான் அவர்களுக்குக் கூலி அதிகம். ஆபத்து போனால் கூலியும் போகும் என்று பயந்தார்கள். சிவகாசியையும் திருப்பூரையும் பற்றிச் செய்தி எழுதிய யாருக்கும் இந்தத் தர்க்கம் புதிதாக இருக்காது. குழந்தைகளும் வேலை செய்தார்கள். ஊசிக் காதுகளில் மெல்லிய கம்பியைக் கோப்பது அவர்கள் பங்கு.

'கையால் செய்தது' என்று ஒரு பொருளின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து உருகும் வழக்கம் எனக்கும் உண்டு. அந்தக் கையின் சொந்தக்காரர் எத்தனை வயது வரை இருந்தார் என்பதை எந்த விலைச் சீட்டிலும் எழுதுவதில்லை.

ஊசியிலிருந்து முள். ஊசிக் கம்பியைச் சூடாக்கி, வளைத்து, முனைக்குப் பின்னால் ஒரு செதில் கீறினால் மீன் கழன்று போகாத தூண்டில் முள். நெய்தல் நிலத்துத் தூண்டிலைச் சங்கப் பாடல்களில் படித்துப் பரீட்சை எழுதியவன் நான். அந்த வளைவும் அந்தச் செதிலும் எவ்வளவு நுட்பமான வேலை என்பதை ரெடிட்ச்சில் உருப்பெருக்காடி வழியாகத்தான் பார்த்தேன். 1803இல் இங்கே தொடங்கிய ஆல்காக் கம்பெனி, சாமுவேல் ஆல்காக் என்பவர் காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய தூண்டில் சாமான் தொழிற்சாலை என்று பெயர் வாங்கியது. அவர்களுடைய 'ஏரியல்' என்ற ரீலைத் தொட்டுப் பார்க்க இன்றும் ஆங்கிலக் கிழவர்கள் கை நீட்டுவார்கள். 1960களில் கம்பெனி கைமாறியது. பிறகு பெயரும் மறைந்தது.

எனக்கு வேண்டிய பெயர் ஆல்காக் அல்ல. ஜே.டபிள்யூ. யங் அண்ட் சன்ஸ். 1884இல் தொடங்கிய ரெடிட்ச் கம்பெனி. போடெக்ஸ், ப்ரிடெக்ஸ், காண்டெக்ஸ் என்று மாத்திரைப் பெயர் போல ஒலிக்கும் ஃப்ளை ரீல்களை அவர்கள்தான் செய்தார்கள். அத்தானிடம் இருப்பது ஒரு போடெக்ஸ். சாம்பலும் கறுப்பும் கலந்த பூச்சு, அலங்காரம் கிடையாது. பழைய மரபின் வடிவம், நடுத்தர வர்க்கத்து விலை.

யங் கம்பெனி செய்த ரீல்களில் ஏராளமானவை வேறு கம்பெனிகளின் பெயரிலும் கடைகளின் பெயரிலும் விற்கப்பட்டன. வாங்கியவர் கடைப் பெயரைத்தான் ஞாபகம் வைத்திருப்பார். செய்தவன் யாரென்று தெரியாது. மொழிபெயர்ப்பாளனுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

ஊசிக் கம்பி இந்த ஊரில் எங்கெல்லாம் போயிற்று என்று பின்தொடர்ந்தால் தலை சுற்றும். ஹெர்பர்ட் டெர்ரி என்பவரின் கம்பெனி கம்பியைச் சுருட்டி ஸ்பிரிங் செய்தது. 1930களில் ஜார்ஜ் கார்வர்டைன் என்ற பொறியாளர் ஸ்பிரிங்குகளைக் கொண்டு எந்தப் பக்கம் இழுத்தாலும் அங்கேயே நிற்கும் மேசை விளக்கை வடிவமைத்தபோது, அதைச் செய்து விற்றது டெர்ரிதான். ஆங்கிள்பாய்ஸ் என்ற அந்த விளக்கின் நகல்கள் நம் பல் மருத்துவர்களிடமும் கட்டட வரைபடக்காரர்களிடமும் உண்டு.

இன்னொரு ஊசிக்காரர் ஜார்ஜ் டவுன்சென்ட். ரெடிட்ச்சின் ஹண்ட் எண்ட் பகுதியில் ஊசி செய்த அந்தக் குடும்பத்துக் கம்பெனி 1880களில் சைக்கிளுக்கு மாறி நொடித்தது. 1891இல் ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் என்ற இருவர் அதை எடுத்துக்கொண்டார்கள். லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகங்கள் செய்யும் ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைத்தது. அந்தப் பெருமையில் தங்கள் சைக்கிளுக்கு 'ராயல் என்ஃபீல்டு' என்று பெயர் வைத்தார்கள். 1901இல் மோட்டார் சைக்கிள். 1932இல் புல்லட்.

ஆமாம், அந்த புல்லட்தான். இந்திய ராணுவத்துக்காக 1950களில் அரசு வண்டிகளை வாங்கிய பிறகு, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் ரெடிட்ச்சோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் ஆலை. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 1960களின் தொடக்கத்தில் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். 1967இல் ரெடிட்ச் ஆலை மூடப்பட்டது. சில வருடங்களில் இங்கிலாந்தில் உற்பத்தி முழுக்க நின்றுபோனது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977இல் சென்னையில் செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. தாய் ஆலை போன பிறகு பிள்ளை ஆலை தாய் வீட்டுக்கு வண்டி அனுப்பியது.

இதை ரெடிட்ச்சில் சொன்னால் முகம் மலர்கிறார்கள். ஊருக்கு வெளியே ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தை. தூண்டில் சாமான் மட்டும் வைத்திருந்த கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். சென்னைப் பக்கம் என்றதும், "அப்படியானால் எங்கள் மோட்டார் சைக்கிள் உங்களிடம்தான் இருக்கிறது" என்றார். குற்றச்சாட்டு இல்லை, நல்லபடியாக வாழ்க்கைப்பட்டுப் போன பெண்ணை விசாரிக்கும் குரல். அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் என்ஃபீல்டில் வேலை செய்தவர்கள்.

அவருடைய மேசையில் முப்பது நாற்பது ரீல்கள். நான் அத்தான் எழுதிக் கொடுத்த காகிதத்தை எடுத்தேன். ரீல் வாங்குவதற்கு அது ஒரு கையேடு. சக்கரத்தைக் கழற்றி அச்சாணியைப் பார். ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் தேய்ந்திருக்கிறது. மாட்டிவிட்டு விளிம்பைப் பிடித்து ஆட்டு. லேசாக ஆடலாம், தடதடக்கக் கூடாது. மெதுவாகச் சுற்றி விளிம்புக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியைக் கவனி. ஓரிடத்தில் நெருங்கினால் கீழே விழுந்த ரீல். கோலில் பொருந்தும் கால் தகட்டை முந்தைய சொந்தக்காரன் அரத்தால் ராவியிருக்கிறானா பார். கோலுக்குச் சேர்வதற்காக அப்படிச் செய்வார்கள். திருகாணியின் வெட்டு சிதைந்திருந்தால் அதைத் திறந்தவனுக்குத் தொழில் தெரியாது, வாங்காதே. அலுமினியத்தில் வெள்ளைக் குழி இருந்தால் கடல் தண்ணீர் பட்டது, தொடாதே.

கடைக்காரர் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்த ஊரில் நான் செய்த உருப்படியான மொழிபெயர்ப்பு அதுதான். கேட்டுக்கொண்டிருந்தவர் மேசையிலிருந்து மூன்று ரீல்களைத் தானாகவே எடுத்து அப்பால் வைத்துவிட்டார். "உங்கள் மைத்துனர் இங்கே நேரில் வராமல் இருப்பது எனக்கு நல்லது" என்றார்.

கடைசியில் தேறியது மூன்றரை அங்குலத்து ஒரு போடெக்ஸ். பூச்சு அங்கங்கே உதிர்ந்திருந்தது. சுற்றினேன். கிர்ர். நாற்பது பவுண்டு கேட்டார். பேரம் பேசவில்லை. அவரே ஐந்தைக் குறைத்துக்கொண்டு, பழைய டப்பா ஒன்றிலிருந்து உபரியாக இரண்டு பற்களும் ஒரு ஸ்பிரிங்கும் எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். நம் பணத்தில் நாலாயிரம் ரூபாய்க்குள்.

அது கையால் செய்ததா? அத்தான் ஒரே நாளில் தீர்ப்பு சொல்லிவிட்டார். சட்டம் அச்சில் வார்த்தது. கை வேலை அல்ல. சக்கரம் இயந்திரத்தில் கடைந்தது. ஆனால் பல் உட்காரும் ஊசித்தண்டைப் பொருத்தியது கை. ஸ்பிரிங்கை வளைத்துப் பதம் பார்த்தது கை. சக்கரமும் சட்டமும் உரசாமல் ஒரு மயிரிழை இடைவெளியில் சுற்றும்படி கடைசியாகச் சரி பார்த்தது யாரோ ஒருவர் கண்ணும் காதும். "பெண்ணா இருக்கலாம்" என்றார் எதற்கோ. கார்டைட் தொழிற்சாலையில் தனக்கு அளவு பார்க்கக் கற்றுக்கொடுத்தது ஒரு பெண் பரிசோதகர் என்று அப்போதுதான் சொன்னார்.

அதற்கப்புறம் அவர் சும்மா இருக்கவில்லை. ரீலைப் பிரித்து ஒவ்வொரு பாகத்தையும் அளந்து காகிதத்தில் வரைந்தார். குன்னூரில் பழகிய ஒரு பட்டறையில் ஓய்வு நேரத்தில் லேத் கேட்டு வாங்கிக்கொண்டார். அலுமினிய உருண்டைக் கம்பி கோயம்புத்தூரிலிருந்து வந்தது. வார்ப்பு அச்சு இல்லாததால் சட்டத்தை முழுக்கட்டியிலிருந்தே கடைந்தார். பாதி அலுமினியம் சுருள் சுருளாகத் தரையில் போனது. தூண்களுக்குப் பித்தளை. கைப்பிடிக்குத் தேக்கு. முதல் சக்கரம் அரை மில்லிமீட்டர் கோணி, அக்கா வீட்டில் காகிதங்கள் பறக்காமல் இருக்க மேசையில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது சரியாக வந்தது. ஸ்பிரிங் மட்டும் வரவில்லை. பதம் கூடினால் உடைகிறது, குறைந்தால் தளர்கிறது. ரெடிட்ச் கடைக்காரர் கொடுத்த உபரி ஸ்பிரிங்கைத்தான் கடைசியில் போட்டார்.

செலவுக் கணக்கை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பினார். அலுமினியம், பித்தளை, திருகாணி எல்லாம் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு. வேலை நேரம் 46 மணி. அதற்கு நேராக அவர் தொகை எதுவும் போடவில்லை. நான் போட்டுப் பார்த்தேன். லேத் வேலைக்கு அந்தப் பட்டறை வாங்கும் மணிக்கு முந்நூறு ரூபாய் என்று வைத்தாலும் பதிமூவாயிரத்து எண்ணூறு. லாபமும் கடைக் கழிவும் சேர்த்தால் ஆனிக் விலைச் சீட்டை நோக்கி அது மெல்ல நடக்க ஆரம்பிக்கும்.

கூப்பிட்டு இதைச் சொன்னேன்.

"அதான் ரெண்டாவது செய்யல" என்றார். "ஆனா மாப்ளே, அந்தக் கடைக்காரர்கிட்ட ஸ்பிரிங் இன்னும் நாலு இருக்குமான்னு கேட்டுப் பாரு."